நானூத்து முப்பத்தொண்ணு

அந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தொடாதே தம்பி. ஏதோ சொல்லணும்னு பாக்கறே, தெரியுது. வேண்டாம். காலையில பூரா உன் பேச்சைத்தானே கேட்டோம். இப்ப என் முறை. என் கை உன் கைக்குள்ள இருக்கு பாரு. ஆமான்னா ஒரு அமுக்கு, இல்லேன்னா ரெண்டு. புரிஞ்சுதா? ஆங், அதேதான். பிடி நல்லாத்தான் இருக்கு. கண்ணை மட்டும் மூடாதே.

என்னை அடையாளம் தெரியுதா? ஆர்டித் ஹ்ரூஸ்கா. கோர்ட்டுக் கட்டடத்துல நடந்த கூட்டத்துல ரெண்டாவது வரிசையில எழுந்து நின்னு கத்துனேனே, அவதான். ஆளுக்கு மூணு நிமிஷம், முடிஞ்சுது உக்காருங்கம்மான்னு என்னைப் பாத்து மணி அடிச்சே. அடிச்ச கையாலயே நெஞ்சைப் பிடிச்சே, அப்படியே மேசை மேல சாஞ்சுட்டே. நான் பேசியே உன்னைச் சாய்ச்சுட்டேன்னு ஊர்ல இந்நேரம் கதை கட்டியிருப்பானுங்க. அதெல்லாம் ஒண்ணுமில்ல. உன் ரத்தக்குழாய் அடைச்சதுக்கு நான் பொறுப்பில்ல. ஆனா என் பேச்சு பாதியில நிக்குதே, அதை விடமாட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஐம்பத்திரண்டு மைல். இந்த ஆம்புலன்ஸ்ல மணி கிடையாது, நோயாளியைப் பாத்துக்கற ஆளும் நான்தான். உன்னை வேற வாரு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கு. இப்படி ஒரு ஆளு எனக்கு ஆயுசுல கிடைச்சதில்ல.

என்ன, சிரிக்கிறியா? சிரி, சிரி.

காலையில சார்னு கூப்பிட்டேன். சட்டையைக் கத்திரிக்கோலால வெட்டுனப்புறம் என்ன சார் வேண்டியிருக்கு? நல்ல சட்டைதான், பாவம்.

ஹெலிகாப்டரா? கேட்டாச்சு. இந்தக் காத்துல வரமாட்டாங்களாம். அக்டோபர் மாசம் இங்க காத்து இப்படித்தான். நம்ம மெர்ல் ஓட்டறான், பயப்படாதே. பள்ளிக்கூட பஸ்ஸும் அவன்தான், பனி தள்ளற வண்டியும் அவன்தான். எழுபத்தொரு வயசு. இந்த ரோட்டுல எங்க பள்ளம்னு அவனுக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். மெர்ல், தூங்கிடாதடா, சும்மா சொன்னேன்.

பின் கண்ணாடி வழியா வெளிய பாரு. படுத்திருக்கறவங்களுக்கு எங்க பூமி பின்னாடி போறதுதான் தெரியும், முன்னாடி வர்றது தெரியாது. அந்த மேடெல்லாம் மலைன்னு நினைக்காதே. மணல். மேல புல்லு போர்த்தியிருக்கு, அவ்வளவுதான். புல்லைக் கிழிச்சா மணல் எழுந்து பறக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலுல ஆளுக்கு அறுநூத்து நாப்பது ஏக்கர் இனாம்னு சர்க்கார் சொன்னதும் ரயில் ரயிலா வந்து இறங்குனாங்க. வந்தவங்க ஏரைப் பூட்டி உழுதாங்க. நாலே வருஷத்துல வயல் பறந்து பக்கத்து வீட்டுக் கூரைமேல உக்காந்துச்சு. உழுதவங்கல்லாம் போயிட்டாங்க. புல்லைத் தொடாம மாட்டை விட்டவங்க இருந்துட்டோம். அதுக்கும் முன்னாடி லக்கோட்டா பழங்குடி ஜனங்க பூமி இது. அவங்களையும் யாரோ ஒரு காகிதத்துல எழுதித்தான் கிளப்புனாங்க. அதைக் கூட்டத்துல எங்க ஆளுங்க யாரும் சொல்லல. சொல்ல வாய் வராது. நான் சொல்றேன்.

தூங்கறியா? கையை அமுக்கு. இன்னும் கொஞ்சம் பலமா. ம்.

கோர்ட்டுக் கட்டடம் எப்படி எங்க ஊருக்கு வந்துச்சுன்னு கேளேன். யாரும் கட்டித் தரல. திருடிட்டு வந்தோம். ஆமாய்யா, கட்டடத்தையே, மரக்கட்டடம். பன்னெண்டு மைலுக்கு அந்தப் பக்கம் வேற ஊர்ல இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை அந்த ஊர்க்காரங்க எல்லாம் சர்ச்சுல முட்டி போட்டிருந்த நேரம் பாத்து, அடியில உருட்டுக்கட்டை குடுத்து, முப்பத்தாறு குதிரை பூட்டி இழுத்துட்டாங்க நம்ம ஆளுங்க. உள்ள ஓட்டோன்னு ஒரு குமாஸ்தா. ஒரு சோடிக்குக் கல்யாணப் பத்திரம் எழுதிட்டு இருந்தானாம். கட்டடம் நகருது, மைப்புட்டி சரியுது, அவன் எழுதறதை நிறுத்தல. எந்த ஊர்னு போடறதுன்னு மட்டும் சன்னல் வழியா எட்டிப் பாத்துக் கேட்டானாம். அந்தப் பத்திரம் இன்னும் சுவத்துல மாட்டியிருக்கு. எழுத்து கோணல்மாணலா இருக்கும். நீ அதுக்குக் கீழதான் உக்காந்திருந்தே, நிமிந்து பாக்கல. அப்படிப்பட்டவங்க கவுண்டி இது, குட்டி ஜில்லான்னாலும் தனி ஜில்லா. நீ சர்க்கார் ஆளா வந்து, இதைப் பக்கத்துக் கவுண்டியோட சேத்துடறோம், செலவு மிச்சம்னு படிச்சா வாயைப் பொத்திட்டுக் கேப்போமா?

இந்தக் கவுண்டிக்கு ஏன் இந்த அளவுன்னு தெரியுமா? குதிரை வண்டியில காலையில கிளம்பி, கோர்ட்டுல வேலையை முடிச்சு, பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். அதுதான் அளவு. ஆள் தலையை எண்ணி வெச்ச அளவில்ல.

உன் திட்டத்தையே எடுத்துக்கோ. ஒன்பதாம் பக்கம், நான் படிச்சுட்டுத்தான் வந்தேன். இந்த வண்டியை ஆத்துக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்தணும்னு எழுதியிருக்கே. அப்படின்னா இன்னைக்கு அது ஐம்பத்திரண்டு மைல் வந்து, உன்னை ஏத்திட்டு, ஐம்பத்திரண்டு மைல் போகணும். நீ இந்நேரம் கோர்ட்டுத் தரையில கிடப்பே. உன் நெஞ்சு அவ்வளவு நேரம் பொறுக்குமா? பொறுக்கும்னா ஒரு அமுக்கு. இல்லேன்னா ரெண்டு.

ரெண்டு. சரி. நீயே சொல்லிட்டே.

அழாதேய்யா. மாஸ்க்குல நீர் இறங்கிடும். நான் உன்னைக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லல. சரி, குத்திக் காட்டத்தான் சொன்னேன்.

அதோ, இறக்கை உடைஞ்ச காத்தாடி ஒண்ணு நிக்குது பாரு, தண்ணி இறைக்கிறது. இங்க இருந்து ஆத்துப் பாலம் சரியா பதினோரு மைல். இப்பதான் நீ முழிச்சிருக்கணும். முழிச்சிரு. இப்பதான் நீ மணி அடிச்ச இடத்துக்கு வர்றேன்.

என்ன படிச்சே நீ? இந்தக் கவுண்டியில போன வருஷம் நானூத்து முப்பத்தொரு பேர், இந்த வருஷமும் நானூத்து முப்பத்தொரு பேர், ஒரு மாற்றமும் இல்லைன்னு படிச்சே. அங்கதான் நான் எழுந்தேன். மாற்றம் உண்டுன்னு சொல்லத்தான் எழுந்தேன். ஆனா பாரு, ஹெலிகாப்டரு, ரோடு, பள்ளிக்கூடம்னு ஊரையெல்லாம் சுத்திட்டு அந்த இடத்துக்கு வர்றதுக்குள்ள மூணு நிமிஷம் ஓடிப்போச்சு. எனக்கு நேரா சொல்ல வரல.

ஏப்ரல்ல எல்டன் போயிட்டான். என் வீட்டுக்காரன். ஜூன்ல சாலை முக்கு வீட்டுல ஒரு பொண்ணு பிறந்துச்சு. கணக்கு சரியாப் போச்சு ஆர்டித், விடுன்னு மெர்ல் சொல்றான். எப்படிச் சரியாப் போகும்? அந்தக் குழந்தையை நான்தான் முதல்ல தூக்குனேன், தங்கமான குழந்தை. ஆனா அது எல்டன் இல்லையே.

நீ படுத்திருக்கற இதே கட்டில்தான். நான் இதே இடத்துலதான் உக்காந்திருந்தேன். பத்தொன்பது வருஷமா இந்த வண்டியில போறேன், அன்னைக்கும் முறை என்னோடதுதான். அவனுக்கும் நெஞ்சுதான். இந்தக் காத்தாடி வரைக்கும் பேசிட்டே வந்தான். மாடுங்க கன்னு போடற நேரம், ரெண்டு நாளா கண்ணு மூடல பாவம். கொஞ்சம் தூங்கட்டுமா ஆர்டித்னு கேட்டான். மெர்ல் முன்னாடி இருந்து, அவன்கிட்டப் பேச்சுக் குடுத்துட்டே வான்னு கத்துனான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. தூங்கட்டும் விடுன்னு சொல்லிட்டேன். பதினோரு மைலு, கையைப் பிடிச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தேன்.

டாக்டர் சொன்னாரு, பேசியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்னு. சொல்லட்டும்.

ஏய், கண்ணு சொருகுது. தம்பி! அமுக்கு. அமுக்குடா. ம், அப்படி. நீ பிழைச்சு எழுந்து போய் எங்க கவுண்டியைக் கலைக்கறேன்னு எழுதிக்கோ, நான் மறுபடியும் ரெண்டாவது வரிசையில வந்து நிக்கறேன். எழுதறதுக்கு உயிரோட இருக்கணும்ல? என் வண்டியில இன்னொருத்தன் தூங்கிப் போக நான் விடமாட்டேன்.

சத்தம் மாறுது, கேக்குதா? பாலம். எங்க கவுண்டி இதோட முடியுது. எல்டன் இதைத் தாண்டல. நீ தாண்டிட்டே.

கையை விடாதே. இன்னும் பதினாலு மைல் இருக்கு. அந்தக் கல்யாணப் பத்திரத்துல ஓட்டோ கடைசியில எந்த ஊர்னு எழுதுனான்னு நான் இன்னும் சொல்லவே இல்ல.