தட்டின் அடிப்பக்கம்

அதுல என்ன பார்க்கிறீங்க தம்பி, அது முலாம்தான். அந்த டீ கெட்டில் மூக்கைப் பாருங்க, வளையற இடத்துல மஞ்சளா தெரியுது இல்ல? உள்ள பித்தளை. ஊத்தி ஊத்தி மேல்பூச்சு போயிடுச்சு. வெள்ளின்னா எவ்ளோ தேஞ்சாலும் உள்ளயும் வெள்ளிதானே. உங்களுக்குத் தெரியாததா. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, அதான்.

உட்காருங்க. நின்னுக்கிட்டு எழுதினா எழுத்து கோணிக்கும். எனக்கும் உங்களை மாதிரி மதிப்பு போடறதுதான் வேலை, முப்பத்தாறு வருஷம். ஏலக்கடையில வர்ற சாமானைக் கவுத்துப் பார்த்து, முத்திரையைப் படிச்சு, சீட்டு எழுதிக் கட்டணும். பூதக்கண்ணாடின்னுதான் என்னைக் கூப்பிடுவாங்க, மூஞ்சிக்கு நேராவே. முதலாளி மட்டும் மரியாதையா பூதக்கண்ணாடி அம்மாம்பார்.

ஆமா, நானே எழுதலாம்தான். கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் எழுத்து வேண்டாம்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

கரண்டிகளை ஓரமா வச்சிடுங்க. பழக்கூடை கைப்பிடி உடைஞ்சு ஈயத்தால பத்த வச்சது, அதுக்குப் பெருசா ஒண்ணும் போடாதீங்க. நீங்க பார்க்க வேண்டியது இந்த ரெண்டு தட்டுதான். இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு இல்ல? அதே கொடி, அதே ரெண்டு பிடி. ஒண்ணு எங்கம்மா கல்யாணத்துக்கு வந்தது, அசல் வெள்ளி. அதுல யாருக்காவது டீ கொடுக்கணும்னா அப்பாவுக்கு மனசே வராது. அதனால அதே அச்சுல முலாம் தட்டு ஒண்ணு தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தார். அசல் அலமாரியில தூங்கும், முலாம் வந்தவங்களுக்கெல்லாம் ஓடி ஓடி வேலை பார்க்கும். நம்ம வீட்டுப் பொண்ணுங்க மாதிரியேன்னு அம்மா சொல்லிச் சிரிப்பாங்க. நான் காலேஜ்ல கவிதை படிச்சுக்கிட்டிருப்பேன், சின்னவ, என் தங்கச்சி, அடுப்படியில இருப்பா. சிரிப்புதான். அவளும் சிரிப்பா.

டீ ஆறிடுச்சா? பரவாயில்லயா? சரி.

அம்மா போனப்ப ஒரு காகிதத்துல எழுதி வச்சிருந்தாங்க. அசல் சின்னவளுக்கு, முலாம் பெரியவளுக்கு. பெரியவளுக்குத்தான் படிப்பு கொடுத்தாச்சே. அப்பா சாகறதுக்கு முந்தி அந்த முலாம் தட்டுக்கு மறுபடி பூச்சு போட்டு வச்சிருந்தார், ரெண்டும் ஒரே மாதிரி பளபளன்னு இருந்துச்சு. வீடு நிறைய ஆளுங்க. எது எதுன்னு யாருக்கும் தெரியல. பின்பக்கம் ரெண்டுலயும் வரிசையா குட்டிக் குட்டி முத்திரை. அதைப் பார்த்து ஏமாறாதவங்க யாரு. முலாம்னு சொல்ற எழுத்தையே முத்திரை மாதிரி அடிச்சு வச்சிருப்பான், எவ்ளோ பேர் அதைக் காட்டி அசல்னு சண்டை போட்டிருக்காங்க எங்க கடையில. எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. தொழில் தெரிஞ்சவ. நான் கவுத்துப் பார்த்துச் சொன்னேன். சின்னவ அவளோடதைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனா. முப்பத்தொரு வருஷம் ஆச்சு.

அவளுதா? உங்க வலது கைப் பக்கம் இருக்கே, அது. அவ பொண்ணு நேத்து அந்தப் பையில போட்டுக் கொண்டாந்தா. பெரியம்மா, இதுக்கு ஒரு மதிப்புச் சீட்டு வாங்கித் தாங்க, இதை வித்துத் தையல் மெஷின் ரெண்டு வாங்கணும்னா. கடைக்கு இடமெல்லாம் பார்த்துட்டாளாம். நாலு மணிக்கு வருவா.

இல்ல, அவங்கம்மா இல்ல. போன செவ்வாய்க்கிழமை போயிட்டா. காலையில பல் விளக்கிட்டு வந்து உட்கார்ந்தாளாம், அவ்ளோதான். ஐயோ, நீங்க எழுந்திருக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அழுகைகூட வரல. சாவிக்கொத்து எங்க வச்சேன்னு தேடற மாதிரி இருக்கு.

பாருங்க, பாருங்க. விளிம்புல செவப்பா எட்டிப் பார்க்குது இல்ல? பொண்ணு அதைக் கறைன்னு நினைச்சுப் புளிபோட்டுத் தேய்ச்சிருக்கா பாவம். செம்பு. ஆமா, இது முலாம். இடது பக்கம் இருக்கிறது, என்னோடது, அதான் அசல்.

ஏன் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்க்கிறீங்க? நீங்க சரியாத்தான் பார்த்தீங்க. நான்தான் அன்னைக்கு மாத்திச் சொன்னேன்.

ஏன்னு கேட்காதீங்க. நானே கேட்டுப் பார்த்துட்டேன். அந்தத் தட்டுல நான் ஒரு நாள்கூட யாருக்கும் ஒண்ணும் பரிமாறினதில்ல. அது பாட்டுக்கு இங்கயும் அலமாரியில தூங்குச்சு. அவளுது தினம் உழைச்சுச்சு. நான் போனா அதுலதான் டீ வரும், மேல ஒரு பூத்துணி விரிச்சு, விளிம்பு தெரியாம. தட்டுக்குக் குளிருதாடின்னு கிண்டல் பண்ணுவேன். ஆமாக்கா, வயசாச்சு இல்லம்பா.

இப்ப அவளோடதைக் கவுத்துங்க. முத்திரையைத் தேடுறீங்களா? கிடைக்காது. ஒரு விரல் நகம் அளவுக்கு வழவழன்னு இருக்கு பாருங்க. நேத்து ராத்திரி கண்ணாடி வச்சுப் பார்த்தேன். கோடு எல்லாம் ஒரே திசையில ஓடுது. உப்புத்தாள். அவ வீட்டுக்காரர் தச்சர், அந்த வீட்டுல தாளுக்குக் குறைச்சலே இல்ல. தட்டுல எவ்ளோ தேய்மானம் வேணா வரும் தம்பி, பிடியில வரும், விளிம்புல வரும். முத்திரை இருக்கிற இடத்துல மட்டும் தானா வருமா? எங்க கடைக்கு இப்படி ஒண்ணு வந்தா முதலாளி சொல்வார், எவனோ எதையோ மறைக்கிறாம்மா.

புதுசா தேய்ச்ச செம்பு பளிச்சுன்னு இருக்கும். இது கறுத்துப் போயிருக்கு, அதுவும் சீரா. என் கணக்குக்கு இருபது வருஷம். நீங்க என்ன சொல்றீங்க? அதுக்கு மேலயா? சரி, இருக்கும்.

அந்த இருபது வருஷமும் எனக்கு அதுலதான் டீ கொடுத்திருக்கா. யாராவது ஒரு நாள் கவுத்துப் பார்த்து, உங்கக்கா இதையா அசல்னு சொன்னாங்கன்னு கேட்டுடக் கூடாது இல்ல. அதுக்குத்தான் தேய்ச்சிருக்கா.

எழுதுங்க. இடது பக்கம் இருக்கிறதுக்கு. அசல் வெள்ளி, எடையைப் போட்டு எழுதுங்க. யாருதுங்கிற இடத்துல என் தங்கச்சியோடதுன்னு எழுதுங்க. எழுதிட்டு அதை அந்தப் பையிலயே போட்டுடுங்க.

பொண்ணுகிட்ட சொல்லப் போறேனான்னா கேட்கிறீங்க? காலையில இருந்து அதான் யோசிக்கிறேன். சொன்னா சின்னவ தேய்ச்சதெல்லாம் வீணாப் போயிடும். சொல்லலன்னா, பெரியம்மா எவ்ளோ நல்லா துடைச்சுக் கொடுத்திருக்காங்கன்னு கட்டிப் பிடிச்சுக்குவா. மணி என்ன, மூணேகாலா?

அந்த முலாம் தட்டுக்கா? வேண்டாம், அதுக்கு விலை போடாதீங்க. அது என்னோடது. அம்மா எழுதி வச்சபடி அதான் எனக்கு. இல்ல, நிமித்தாதீங்க. அப்படியே கவுந்தே இருக்கட்டும்.