கடவாப்பல் சாமி

...அதான் சார் நானும் கேக்குறேன், கடவாப்பல்லுக்குக் கண்ணும் வாயும் வரைஞ்சா அது எப்படி சாமியாகும்? வாய நல்லாத் தொறங்க. இன்னும். டிவியில இதவிடப் பெருசாத் தொறப்பீங்களே!

ஆமா, உங்க நியூஸ்ல வந்த அதே பல் கிளினிக்குதான். போர்டு இருந்திருந்தா உள்ளயே வந்திருக்க மாட்டீங்க. அதத்தான் ஒடச்சாச்சே! இருங்க, ஊசி... சுருக்குனு இருக்கும். பயப்படாதீங்க, உங்களுக்கு இருக்குற மனசு எனக்கு இல்ல.

என் அக்கா பொண்ணு வரைஞ்ச படம் சார் அது. இங்க வர்ற பிள்ளைங்க அழக்கூடாதுன்னு வரைஞ்சா. பல்லு சிரிக்குது, கையில பிரஷ்ஷு, வாயெல்லாம் நுரை, சுத்தி பளபளன்னு வெளிச்சம். நீங்க டிவியில காட்டுறப்ப பிரஷ்ஷ வெட்டிட்டீங்க, நுரைய வெட்டிட்டீங்க. மிச்சமிருந்தது மூஞ்சியும் வெளிச்சமும், அதச் சுத்தி ஒரு செவப்பு வட்டம். "பக்தர்கள் கொந்தளிப்பு!" எந்த பக்தர்? எந்த சாமி? சொன்னீங்களா? ம்ஹூம்... நாக்க ஆட்டாதீங்க.

காலையில ஒரு கூட்டம் 'எங்க சாமி'ன்னு வந்து போர்ட ஒடச்சுது. சாயங்காலம் வேற மதத்துக்காரங்க, 'இல்ல, எங்க சாமி'ன்னு கண்ணாடிய ஒடச்சாங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் வாசல்லயே அடிச்சுக்கிட்டாங்க. எதுக்கு? ஒரு கடவாப்பல்லுக்கு! அதுல ஒருத்தருக்கு முன்பல்லு போச்சு. அதையும் நான்தான் பாத்தேன், போங்க!

படம் வரைஞ்ச பொண்ணு ரூம விட்டு வெளிய வரல சார். பென்சிலத் தொடல. காலிங் பெல் அடிச்சா கதவுக்குத் தாப்பா போட்டுக்குறா.

படத்த உங்களுக்கு அனுப்புனது யாருன்னு பாக்குறீங்களா? நான்தான்! கிளினிக்குக்கு ஓசியில விளம்பரம் வரும்னு ஒரு நப்பாசை. அவகிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூட இல்ல. என்னயச் சொல்லணும்... சரி, விடுங்க.

உதடு மரத்துருச்சா? நல்லது. ஒண்ணே ஒண்ணு சார். அதோ செவுத்துல முழுப்படம், பிரஷ்ஷோட, நுரையோட. இன்னிக்கு எட்டு மணி ஷோவுல அதக் காட்டுங்க. நீங்க பேசவே வேணாம், படத்த மட்டும்... ஏன் எந்திரிக்குறீங்க? சார்! பல்ல இன்னும் எடுக்கல சார்! கழுத்துல கட்டுன துணியாவது குடுத்துட்டுப் போங்க!

போயே போயிட்டாரு! சொத்தப்பல்லச் சுமந்துக்கிட்டு அலைவாராம், முழுசா ஒரு படத்தக் காட்ட மாட்டாராம். த்தூ...

ஹலோ, பாப்பா? சித்திடா. வெளிய வர வேணாம், அங்கயே இரு. எட்டு மணிக்கு டிவியப் போடு. ஆமா, அதே ஆளுதான். பயப்படாத, ஊசி போட்டிருக்கேன், ராத்திரி வரைக்கும் மரத்துதான் இருக்கும், இன்னிக்குக் கத்த முடியாது. வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும், எச்சில் வேற வடியும்.

பக்கத்துல ஒரு பென்சிலயும் வெச்சுக்கோடா.