கருவேலமரத்துக்கு நேரா ஒரு குச்சி

— யாருக்கு நீச்சல் தெரியும், யாரால நடக்க முடியாதுன்னு எழுதிக்கிட்டே போறியே இளம்பரிதி, தென்கரைக்காரனுக்கு இதெல்லாம் எதுக்கு?

— வெள்ளம் வந்தா யாரை மொதல்ல தூக்கணும்னு தெரியணும்ல, வேம்பக்கா.

— அடேங்கப்பா! தென்கரை வந்து வடகரையத் தூக்கப் போவுதா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு.

— ஞாயித்துக்கிழமை தீயணைப்புக்காரங்க வந்து மணல் மூட்டை அடுக்கச் சொல்லிக்குடுக்குறாங்க. ரெண்டு கரையும் சேந்து பழகிக்குவோம்க்கா. கரை கசிஞ்சா ஊதறதுக்கு வீட்டுக்கு ஒரு விசில். இந்தாங்க, உங்களுது.

— நீயே வச்சு ஊது. ஒரு கரை ஒடைஞ்சா மறுகரை தப்பிச்சுக்கும். ஆத்துல தண்ணி ஏறினா உங்காளு எவன் எங்க கரைய வெட்ட மண்வெட்டியோட வர்றான்னு பாக்குறதே எங்களுக்குப் பொழப்பு.

— அந்தப் பயம் போகத்தான்க்கா சேந்து காவல் இருப்போம்ங்கிறேன்.

— நேத்து எங்க கரையில நின்னு என்ன பண்ணிக்கிட்டு இருந்த?

— கரை பலமில்லாத எடத்துல அடையாளத்துக்குக் குச்சி நட்டேன். மூட்டை அங்கதான் மொதல்ல போடணும்.

— அவ்வளவு நீளக் கரையில கருவேலமரத்துக்கு நேரா மட்டும் நட்டிருக்க. மேல பாத்தா கெட்டியாத்தான இருக்கு. அங்க பலமில்லன்னு உனக்கு யாரு சொன்னா?

— அது... பாத்தாலே தெரியுதுக்கா.

— எனக்குத் தெரியலையே. சொல்லேன், வாயில என்ன கொழுக்கட்டையா?

— நான்தான்க்கா அங்க கரைய வெட்டினேன். ஆறு வருசத்துக்கு முன்ன. எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. கைப்புள்ளைய வச்சுக்கிட்டு எம் பொண்டாட்டி கட்டில் மேல நின்னு அழுவுறா. எனக்கு வேற ஒண்ணும் தோணல. உங்க செவுரு விழும், வீரையண்ணன் காலு போவும்னு சத்தியமா நெனைக்கலக்கா.

— பாவி! எம் புருசன் இன்னிக்கும் கம்பு ஊணித்தான்டா வாசலுக்கு வர்றாரு.

— ஒடைஞ்ச எடத்த எல்லாரும் மேல மண்ணு போட்டு மூடிட்டாங்க. அடியில எவ்வளவு தூரம் குடைஞ்சேன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். இந்த ஐப்பசி மழைக்குத் தாங்காதுக்கா. என்னைய என்ன வேணா பண்ணுங்க, கரைய மட்டும் விட்றாதீங்க.

— அவருகிட்ட நீயே போய்ச் சொல்லு. அடிச்சா வாங்கிக்க. அந்த விசிலைக் குடு.

— ஞாயித்துக்கிழமை வருவீங்களாக்கா? வந்தா ஒரு மண்வெட்டி எடுத்துட்டு வாங்க.

— உன்னுதையே கொண்டாரேன். கரை ஒடைஞ்ச மறுநா எங்க வயல் சேத்துல கெடந்துச்சு, காம்புல உம்பேரு சுட்டு எழுதியிருந்துச்சு.