நத்தார் வேகன், இலக்கம் முப்பத்தொன்று

— பன்னெண்டு மணிக்குத்தானே டொக்டர் வாறாரு? இப்ப பத்தரை. நேரம் இருக்கு, முனாஸ் நானா. தயவுசெஞ்சு அந்தப் பெட்டிய ஒரேயொரு தடவை வெளிய எடுங்க.

— ஷெரோன் தங்கச்சி, மொதல்ல இந்தக் கதிரையில குந்துங்கோ. குண்டசாலையில ஈந்து அக்குறணை வரைக்கும் ஓடியா வந்தீங்க? மூச்சு இப்பிடி வாங்குது.

— த்ரீவீல்லதான் வந்தேன். வழி நெடுக அந்தாள வெரட்டு வெரட்டுன்னு வெரட்டிக்கிட்டே வந்தேன். எனக்குத் தண்ணியும் வேணாம், டீயும் வேணாம். பெட்டிய எடுங்க.

— ஏலா. அது அமானிதம். ஒங்கட ஊட்டுக்காரர் நேத்துப் பின்னேரம் என்னை நம்பித் தந்திட்டுப் போன சாமான். மாத்திக்கிறதுக்கு சுமன் டொக்டர் தந்த பெட்டியும் பக்கத்துல ஈக்கி. ரெண்டு பேரும் முன்னுக்கு வந்து நிக்கக்குள்ளதான் நான் அலுமாரியத் தொறக்கிற. இந்தக் கடையில வெளையாட்டு ரெயில் கோச்சி விக்கத் தொடங்கின நாள்ல ஈந்து அதான் சட்டம்.

— நானும் அந்த வீட்டுலதானே இருக்கேன்?

— ஈக்கிறீங்க. ஆனா பெட்டி அவர்ட.

— அதுவும் சரிதான். அங்க எல்லாமே அவரோடதுதான்... நானா, நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்.

— என்னா தப்பு? சும்மா பயம் காட்டாதீங்கோ. எனக்கு பிரஷர் ஈக்கி.

— அந்தப் பெட்டிய நான் தொறந்துட்டேன்.

— எந்தப் பெட்டிய?

— உங்க அலுமாரியில இருக்கே, அதத்தான். ரெண்டாயிரத்துப் பதினேழு கிறிஸ்மசுக்கு விட்ட நத்தார் வேகன். இலக்கம் முப்பத்தொண்ணு.

— யா அல்லாஹ்! எப்ப? நேத்தா?

— நேத்து இல்ல, நாலு வருசம் ஆச்சு. கொரோனா நத்தாரன்னைக்கு.

— மெதுவாப் பேசுங்கோ, வாசல்ல ஆள் நிக்கிது. நாலு வருஷமா? அவருக்குத் தெரியாதா?

— தெரிஞ்சிருந்தா நான் இன்னைக்கு இப்பிடி ஓடி வந்திருப்பேனா? அப்ப அவர் கொழும்புல மாட்டிக்கிட்டாரு. பேங்குல யாருக்கோ கொரோனான்னு பதினாலு நாள் வெளிய விடல. கோயிலும் பூட்டு. நானும் கிஷானும் மட்டுந்தான். அவனுக்கு அப்ப ஏழு வயசு. வீட்டுல சின்னதா ஒரு பாலன் குடில் கட்டினோம். அப்பாவோட கோச்சி ஏன்மா எப்பவும் பெட்டிக்குள்ளயே இருக்கு, அதுக்கு மூச்சு முட்டாதான்னு கேட்டான். புள்ள மொகத்தப் பாத்தா மனசு கேக்கல, நானா. அந்த ஒரு தடவைதான் அவர் அலுமாரிச் சாவிய வீட்டுல விட்டுட்டுப் போயிருந்தாரு.

— பெட்டிய மூடி ஈந்த கம்பெனி ஸ்டிக்கரக் கிழிச்சீங்களா?

— கிழிக்கல. கேத்தல் ஆவியில காட்டினேன். அது என்னமோ லேசா வந்துருச்சு. வேகன எடுத்து, அவனோட சாதாரணத் தண்டவாளத்துல வச்சு, குடிலச் சுத்தி ஓட விட்டோம். மூணு சுத்து ஒழுங்கா ஓடுச்சு. புள்ள கைதட்டிக்கிட்டு இருந்தான். நாலாவது சுத்துல, வளைவுல, மேல இருந்த மணி கழண்டு விழுந்துருச்சு.

— மணியா? பித்தளை மணியா?

— ம்.

— ஐயோ தங்கச்சி! அந்த மணிக்காகத்தானே ஒலகம் பூரா அந்த வருஷத்துக்கு அலையிற! மத்த வருஷமெல்லாம் பிளாஸ்டிக்கு. அந்த ஒரு வருஷம் மட்டுந்தான் ஜேர்மன்காரன் பித்தளையில செஞ்ச. அதுவும் எரநூத்தம்பதுதான். இலங்கைக்கு ரெண்டே ரெண்டு வந்த, ரெண்டையும் நான்தான் எறக்கின.

— அது எனக்குத் தெரியாதா? அவர் ராத்திரி பகலா அந்தக் கதையைத்தானே சொல்லுவாரு. வேகன உள்ள வச்சு ஸ்டிக்கர அப்பிடியே ஒட்டிட்டேன். மணிய மட்டும் பட்டன் டப்பாவுல ஒளிச்சு வச்சேன்.

— மணியையும் உள்ளுக்குப் போட்டீக்கலாமே?

— எப்பிடிப் போடுறது? மாசம் பொறந்தா ஒவ்வொரு பெட்டியா எடுத்துக் காதுல வச்சு ஆட்டிப் பாப்பாரு. உள்ள ஏதாச்சும் கலகலன்னா அன்னைக்கே நான் செத்தேன்.

— சரி, ஆட்டினா சத்தம் வராது. ஆனா என்ட தராசு? பெட்டி மேல முன்னூத்திப் பதினெட்டு கிராம்னு கம்பெனிக்காரன் அடிச்சீக்கி. தொறந்து பாக்க ஏலாத சாமானுக்கு நிறைதானே சாட்சி.

— அதுக்குத்தான் வந்தேன். மணியக் கொண்டாந்திருக்கேன். இந்தாங்க, கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருக்கேன்.

— தாங்கோ பாப்போம்... பதினொரு கிராம். அப்ப பெட்டி முன்னூத்தி ஏழுதான் காட்டும். சுமன் டொக்டர் ஒரு கிராம் கொறஞ்சாலும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு கெலிஓயாவுக்குத் திரும்பிப் போற மனுஷன். போன வருஷம் ஒருத்தர்ட பெட்டி ரெண்டு கிராம் வித்தியாசம். கோச்சி சேக்கிறவங்கட குறூப்புல ஈந்தே தூக்கிட்டாங்க. இப்ப அவர யாரும் கண்டாலும் பேசுறல்ல.

— அதான் பயமா இருக்கு. இவருக்கு அந்தக் குறூப்புதான் உசிரு. இதக் குடுத்து டொக்டர்கிட்ட இருக்கிற ரெண்டாயிரத்துப் பதினாலு வேகன வாங்கிரணும்னு பத்து நாளாத் தூங்கல மனுசன். நானா, நீங்க மனசு வச்சா... தராசுல ஏதாச்சும்...

— தங்கச்சி!

— பதினொரு கிராம்தானே?

— வாய மூடுங்கோ. இது எங்கட வாப்பா ஏலக்காயும் கராம்பும் நிறுத்த கடை. அவர் மௌத்தாகி எத்தினையோ வருஷம், இன்னமும் ஊர்ல ஸெய்னுலாப்தீன் கடைத் தராசுன்னா ஒருத்தனும் மறுபேச்சுப் பேசுறல்ல. நான் கோச்சிக்கு மாத்தின, தராச மாத்தல்ல. என்னைய என்னா கேக்குறீங்கன்னு வெளங்குதா?

— வெளங்குது. மன்னிச்சிருங்க. எனக்குப் புத்தியே வேலை செய்யல.

— இப்பவே அவருக்கு ஒரு கோல் எடுத்து உள்ளதச் செல்லுங்கோ. டொக்டர் வரக்குள்ள முந்தி ஊட்டுக்குள்ளயே பேசித் தீத்துக்கலாம். புருஷன்தானே, தலையவா எடுக்கப் போற?

— அவர உங்களுக்குக் கடையில வச்சு மட்டுந்தான் தெரியும். அவரோட கூடப்பொறந்த அண்ணன், மத்தியாஸ் அண்ணன், அவர் மகன் ஒரு பெட்டியோட மேல் பிளாஸ்டிக்க நகத்தால கீறிட்டான். அவ்வளவுதான். எட்டு வருசம், இன்னும் அந்த வீட்டு வாசல இவர் மிதிக்கல. அடிக்க மாட்டாரு, சத்தம் போட மாட்டாரு. பேசாம இருந்தே ஆளக் கொன்னுருவாரு. நான் என்ன செய்வேன், நானா? ஒரே வீட்டுக்குள்ள ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்காம எத்தனை வருசம் இருக்கிறது?

— அப்பிடியா ஆளு?

— இந்த நாலு வருசமா நான் எதுக்கும் வாயத் தொறக்கல. பெட்டிக்கு எடம் பத்தலன்னு என் தையல் மெசினத் தூக்கி நடையில வைக்கச் சொன்னாரு, வச்சேன். நான் சட்டை தைக்க வெளிச்சமே இல்லாத எடம் அது. நத்தாருக்கு எங்கம்மா வீட்டுக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போவோம்னா, ஈரக் காலம், பெட்டியப் பாக்க ஆள் வேணும்னு சொன்னாரு. சரின்னேன். எதுத்து ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தா அந்த மணிதான் கண்ணு முன்னாடி வரும். நீ என்ன யோக்கியம்னு என் மனசே என்னைக் கேக்கும். அப்பிடியே அடங்கிருவேன்.

— தங்கச்சி, அழாதீங்கோ. அல்லாஹ்வே, பொம்புளைங்க அழுதா எனக்கு என்னா செய்றதுன்னு தெரியாது... சரி. ஒண்டு செய்வோம். பெட்டிய எடுத்து நிறுத்துப் பாப்போம். உள்ளது எவ்வளவுன்னு தெரிஞ்சா பொறகு என்னா செய்றன்னு யோசிக்கலாம். ஆனா நீங்க தொடப்படாது. நான்தான் எடுப்பேன், நான்தான் வெப்பேன்.

— சத்தியமாத் தொட மாட்டேன். கையப் பின்னாடி கட்டிக்கிறேன், பாருங்க.

— பிஸ்மில்லாஹ்... இதான் ஒங்கட. முப்பத்தொண்டு. ஸ்டிக்கர நல்லாத்தான் ஒட்டீக்கிறீங்க. எனக்கே தெரியல்ல... வெக்கிறேன்... ம்?

— என்ன? எவ்வளவு?

— பொறுங்கோ. எடுத்து மறுபடி வெக்கிறேன்.

— நானா, சொல்லுங்க.

— முன்னூத்திப் பதினெட்டு.

— என்னது?

— வாங்கோ, நீங்களே பாருங்கோ. முன்னூத்திப் பதினெட்டு. ஒரு கிராம் கூடவும் இல்ல, கொறயவும் இல்ல.

— மாதாவே! என் தாயே! அப்ப ஒண்ணும் இல்ல! டொக்டர் பாத்தாலும் சரியாத்தானே இருக்கும்? நானா, எனக்கு இப்பத்தான் உசிரே வந்துச்சு. ஒரு டீ குடுங்க இப்ப.

— தங்கச்சி, சந்தோஷப்பட அவசரப்படாதீங்கோ. மணி எங்க ஈக்கி?

— இங்க, கைக்குட்டையில.

— அப்ப உள்ளுக்கு என்னா ஈக்கி?

— நான் ஒண்ணும் வைக்கலையே, நானா.

— பதினொரு கிராமுக்கு என்னமோ ஒண்டு ஈக்கி. மணி இல்லாத வேகன் மணியோட நிறை காட்டுது. ஆரோ தொறந்தீக்கி. கிஷானா?

— அவனால முடியாது. அந்த நத்தாருக்கு அப்புறம் சாவி அவரோட இடுப்ப விட்டு எறங்கவே இல்ல. குளிக்கப் போனாலும் கொண்டு போவாரு... நானா, அவருக்குத் தெரியும்.

— ஆருக்கு?

— அவருக்குத்தான். தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. அண்ணனையே ஒதுக்கி வச்ச மனுசன், நான் ஒடச்சதப் பாத்துட்டும் என்னை ஒண்ணும் சொல்லலையே! நான்தான் அவர ராட்சசன் மாதிரி நெனச்சுப் பயந்து செத்திருக்கேன். பாவம், எனக்காக மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டாரு.

— நீங்க அழுவுங்கோ, சிரிங்கோ, அது ஒங்கட குடும்பம். என்ட தராசுல பொய் ஏறிட்டே! டொக்டருக்கு நான் என்னா மொகத்தோட... ஸ்ஸ். போன் அடிக்கிது. அவர்தான்.

— எடுங்க. நான் இங்க இருக்கிறதச் சொல்லிராதீங்க.

— ஸ்பீக்கர்ல போடுறேன். வாயத் தொறக்காமக் கேளுங்கோ... அலோ, றொட்னி தம்பி?

— அலோ முனாஸ், நான் பஸ்ஸுக்குள்ள நிக்கிறன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில ஒரே வாகனம். டொக்டர் வந்திட்டாரோ?

— இன்னம் இல்ல. தம்பி, ஒங்கட பெட்டிய நான் நிறுத்துப் பாத்த.

— நாங்கள் ரெண்டு பேரும் இல்லாமல் நீங்கள் நிறுக்கிறேல்லையே! ஏன், குறையுதோ?

— கொறயல்ல. சரியா ஈக்கி. அதான் கேக்குறேன். மணிக்குப் பதிலா உள்ளுக்கு என்னா வெச்சீக்கிறீங்க?

— என்ன கதை இது? ஆர் சொன்னது?

— ஆர் சொன்னா என்னா? வல்லாஹி, இப்ப உண்மையச் செல்லாட்டி, டொக்டர்ட பெட்டிய அவர்ட கையிலயே குடுத்து அனுப்பிடுவேன்.

— ஐயோ, அப்பிடிச் செய்துபோடாதேங்கோ! பொறுங்கோ, ஆக்கள் பாக்கினம், நான் இறங்கிறன்... ஓம் முனாஸ், இப்ப கதைக்கலாம். ஈயத்துண்டு ஒண்டு. தூண்டில்ல கட்டுறது. பதினொரு கிராமுக்கு அராவி, பசை போட்டு ஒட்டினனான். ஆட்டினாலும் சத்தம் வராது. டொக்டர் சாகுமட்டும் திறக்கப் போறேல்லை. ஆருக்கு என்ன நட்டம்?

— மணி எங்க?

— ஷெரோன் பட்டன் டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறா. எனக்குத் தெரியாதெண்டு நினைப்பு, அதை எடுத்தால் பிடிபட்டிடும் எண்டு நான் தொடேல்லை. கொழும்பால வந்த அண்டைக்கே முகத்தைப் பாத்து எனக்கு விளங்கிட்டுது.

— தெரிஞ்சும் நாலு வருஷமா ஒண்டும் கேக்கல்லயா? பெரிய மனசுதான் ஒங்களுக்கு.

— மனசென்ன மனசு. முனாஸ், அதை அவள் உடைக்கேல்லை. பெட்டி வந்த கிழமையே நான் ஆசைக்கு ஆவி பிடிச்சுத் திறந்தனான். கை நழுவி விழுந்து மணி கழண்டுபோச்சு. பசையால ஒட்டி வச்சனான். அந்தப் பசை எத்தினை நாளைக்கு நிக்கும்? பிறகு அவள் எடுத்து ஓட விட, அது விழுந்திட்டுது.

— அத அவக்கிட்ட ஒரு வார்த்தை செல்லீக்கலாமே, தம்பி?

— சொல்லத்தான் இருந்தனான். ஆனா அதுக்குப் பிறகு அவள் ஒண்டுக்கும் மறுத்துக் கதைக்கிறேல்லை. அதுக்கு முதல் இந்தப் பெட்டியளுக்காக எங்களுக்குள்ள எவ்வளவு சண்டை தெரியுமோ? இப்ப மெசினைத் தூக்கு எண்டால் தூக்குவாள். ஊருக்குப் போக வேண்டாம் எண்டால் நிப்பாள். வீட்டில ஒரு சத்தமில்லை. நல்லாத்தானே போகுது, ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன்... முனாஸ்? லைன்ல நிக்கிறியளோ?

— நிக்கிறேன்.

— அவளுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. நான் ஒரு த்ரீவீல் பிடிச்சு டொக்டர் வர முதல் வந்திடுவன். அலோ? முனாஸ்?

— ஷெரோன் பேசுறேன். அவசரப்படாம மெதுவா வாங்க, டொக்டர் முன்னாடி அந்தப் பெட்டிய நான்தான் தொறக்கப் போறேன்.