கீழே நிற்பவர்

காலை பதினொன்று இருபதுக்கு அந்தச் செய்தி வந்தது. எனக்கு அல்ல, என் மேற்பார்வையாளருக்கு.

வணக்கத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைமை ஏற்றிருக்கும் ஜேசுதாசன் அண்ணாச்சி அவர்களே, காற்றை விளைய வைக்கும் மூத்தவர்களே, பிள்ளைகளைக் காற்றாலைக் கோபுரத்தில் ஏற்றிவிட்டு நெஞ்சைப் பிடித்து நிற்கும் தாய்மார்களே, இன்று வேலையில் சேரும் புதியவர்களே! ஆமிரின் ஸலாமும் வணக்கமும்.

புதியவர் மனம் வேலையில் ஒட்டுவது எதனால் என்று பேசச் சொன்னார்கள். சம்பளத்தாலா? சட்டையில் குத்திய பெயராலா? டிப்ளமோ படித்தவன் நான். இயந்திரத்தைக் கேட்டால் சொல்வேன். மனத்தைக் கேட்டால்? எனக்குத் தெரிந்தது ஓர் ஏணி.

முதல் நாள். பாதி ஏணியில் கைகால் மரத்து நின்றுவிட்டேன். எனக்குக் கீழே மேற்பார்வையாளர் பிரியதர்ஷினி, என்னைவிட இளையவர். திட்டவில்லை. "ஆமிரண்ணே, அங்கனயே குடித்தனம் நடத்தப்போறியளா? அப்போ மதினியையும் கூட்டியாந்திருக்கலாம்லா?"

சிரியுங்கள், சிரியுங்கள், அன்று நானும் சிரித்தேன். சிரித்ததும் கால் நகர்ந்தது.

இங்கே வழக்கம் இதுதான்: ஏறுமுன் கைபேசியை அணைத்துத் தகரப்பெட்டியில் போட வேண்டும். புதியவர் எங்கே நின்றாலும், மேற்பார்வையாளர் அவருக்குக் கீழே நிற்க வேண்டும்.

சென்ற மாசியில் நான் உச்சியில், அவர் தரையில். வீட்டில் என் மனைவி அஸீலா மயங்கி விழுந்தாள், எழவில்லை. என் கைபேசி பெட்டிக்குள் அணைந்து கிடந்ததால், பதினொன்று இருபதுக்கு மாமா அழைத்தது பிரியதர்ஷினியை. அவர் ஏறி வந்தார்.

"கீழ ஒரு சோலி கெடக்கு, இறங்குவோம்ணே."

எனக்குக் கீழே இறங்கினார். என் வாயோ ஓயவில்லை. "அஸீலா மீன் ஆணம் கொடுத்துவிட்டிருக்கா. உங்களுக்கும் சேத்துத்தான்."

"பைய இறங்குங்கண்ணே. கீழ நான் நிக்கேன்லா."

மண்ணை மிதித்த பிறகு, என் கொக்கிகளைக் கழற்றிய பிறகு, சொன்னார்.

"மேல வச்சே ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா உங்க கை ஏணியப் பிடிச்சிருக்குமா?"

இரக்கமா அது? ஏமாற்றா? நன்றி சொல்லவா, நெஞ்சு வெடிக்கவா? இன்றும் விளங்கவில்லை. அன்றிலிருந்து நான் ஏறவில்லை. கைபேசியை அணைக்கவும் இல்லை. அழைக்க அவள் இல்லை என்று அறிவு சொல்கிறது. விரல் கேட்க மறுக்கிறது. இந்தக் கூட்டம் முடிந்ததும் புதியவர்களுக்குக் கீழே என்னை நிற்கச் சொல்கிறார் பிரியதர்ஷினி. முடியுமா என்று தெரியாமலே மேடையேறினேன்.

மேற்பார்வையாளர்களே! கற்பிக்க ஆளுண்டு, கண்டிக்க ஆளுண்டு, கணக்குக் கேட்கவும் ஆளுண்டு. கீழே நிற்க ஆளிருந்தால்தான் புதியவன் கை பிடியை விடாது! மற்றதெல்லாம் எனக்குக் குழப்பம். இது ஒன்றில் இல்லை.

என்னம்மா, முன்வரிசையில்? "எம்மவனுக்குக் கீழ யாருய்யா நிப்பா?" என்றா?

நான் நிக்கேம்மா.

செவி தந்த அனைவருக்கும் நன்றி, ஸலாம். தகரப்பெட்டியை இப்படிக் கொடுங்கள். கைபேசியை அணைத்துவிட்டேன்.