காய்ச்சல் வந்தால் சிறை

ஆவடியிலிருந்து வந்த காலை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே இரண்டு தோழிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியிலிருந்த ஸ்கேன் உறையின் மேல் நோட்டை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த நாட்ல ஜுரம் வந்தா ஜெயில்ல போடுவாங்கடி. திருடுனா டாக்டர் ஊட்டுக்கே வந்து வைத்தியம் பாப்பாரு.”

“எந்த நாடுடி அது?”

“கதைல. நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி ஒரு இங்கிலீஷ்காரர் எழுதனது. இன்னிக்கும் பொருந்துமான்னு எம்.ஏ. பரீட்சைல கேப்பாங்க. இன்னா எழுதறது?”

கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய மற்றவள் சிரித்தாள்.

“பொருந்தும்னு எழுது. எங்க கம்பெனில செம்புக் கம்பி திருடுனவனுக்குப் புத்தி சொல்லி, மறுபடி சேத்துக்கினாங்க. கேன்சர்னு லீவு கேட்ட செல்வியக்காவ நாளைலேர்ந்து வராதன்னுட்டாங்க.”

“உன்னுத நீ சொல்லிட்டியா?”

“மார்ல கட்டி கீதுன்னா? சொன்னா எனக்கும் அதே கதிதான்.”

“இன்னிக்கு பெரியாஸ்பத்திரில கட்டில ஊசி குத்தி டெஸ்ட் எடுக்கணும்டி. அதுக்குத்தானே நான் காலேஜுக்கு லீவு போட்டுகினு வந்தேன்.”

“சூப்பர்வைசர் இப்பத்தான் போன் பண்ணாரு. ஆளு கம்மியாம். வரேன்னுட்டேன்.”

ரயில் அம்பத்தூரில் நின்றது. அட்டைக்காரி எழுந்தாள். தோழி அவள் கையைப் பிடித்தாள்.

“உடுடி. அடுத்த வாரம் போலாம்.”

“போன வாரமும் இதையேதான் சொன்ன.”

அவள் கையை விடுவித்துக்கொண்டு இறங்கினாள். ரயில் நகர்ந்தபோது, அவளுடைய ஸ்கேன் படங்கள் இருந்த உறை தோழியிடமே இருந்தது.