இடது பக்கத்து போல்ட்

புதுக் கூரைத் துணியைக் கொஞ்ச நேரம் வெயிலில் விரித்துப் போட வேண்டும், ஐயா. நிறையப் பேருக்கு அது தெரிவதில்லை. பெட்டியிலிருந்து எடுத்த கையோடு காரில் இழுத்து மாட்டினால் மடிப்பு மடிப்பாக நின்றுவிடும். சூடேறிய துணி சொன்ன பேச்சைக் கேட்கும். அன்றைக்கும் பட்டறை வாசலில் அப்படித்தான் விரித்துப் போட்டுவிட்டு, மகளும் மருமகனும் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்டது போல்ட்டைப் பற்றி. வருகிறேன். அதற்கு முன்னால் என் மகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. அவள் அம்மா போன பிறகு அவள் என் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பெரிய சண்டையெல்லாம் இல்லை. என் மனைவிக்கு வயிற்றுவலி வந்தபோது, அது வெறும் வாயுக் கோளாறு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை என்று நான் சொல்லியிருந்தேன். டாக்டர் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. “ஒரே ஒரு தடவை, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுங்கப்பா. அது போதும்” என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் சொன்னேன், அதில் தப்பு எங்கே இருக்கிறது என்றேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மருமகன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். நல்ல மனிதர். செத்துப்போனார் என்பதற்காகச் சொல்லவில்லை, இருக்கும்போதே நல்லவர்தான். எங்கேயோ ஒரு கொட்டகையில் துணிக்கூரை நைந்து கிடந்த திறந்த கார் ஒன்றை வாங்கி, “மாமாதான் கூரை போடுறாரே, வெளிய எதுக்குப் போகணும்” என்று என் மகளை வம்படியாக என் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். எங்களைச் சேர்த்துவைக்கத்தான் அந்த ஓட்டைக் காரையே வாங்கினார் என்று நினைக்கிறேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. பக்கத்துக் கடையில் இன்னொன்று கேட்டு வாங்கிப் போட்டேன்.

வேலையைச் சொல்கிறேன். துணிக்கூரையின் முன்விளிம்பில் ஒரு நீளச் சட்டம் இருக்கும். அதன் இரண்டு முனையிலும் கொக்கி. அந்தக் கொக்கிகள் மாட்டிக்கொள்ள முன்கண்ணாடிக்கு மேலே இடப்பக்கம் ஒரு பிடி, வலப்பக்கம் ஒரு பிடி. பிடிக்கு ஒரே ஒரு போல்ட். கார் ஓடும்போது காற்றை எதிர்த்து மொத்தக் கூரையும் நிற்பது அந்த இரண்டு போல்ட்டை நம்பித்தான்.

எங்கள் தெருவில் என்னை ‘அரைச்சுத்து’ என்று கூப்பிடுவார்கள். எதை இறுக்கினாலும் கடைசியில் இன்னும் ஒரு அரைச் சுற்று வைப்பேன். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் என்னிடம் வந்த வேலை எதுவும் ஆட்டம் கண்டதில்லை. மருமகன் பெட்டியோடு வந்த தாளைப் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். “மாமா, கை இறுக்கம் வந்ததும் நிறுத்திடணும்னு போட்டிருக்கு. மெல்லிசு போல்ட்டாம், அதுக்கு மேல தாங்காதாம்.”

“யாருகிட்டப் போய்ச் சொல்றீங்க” என்று மகள் சிரித்தாள். “அப்பாவுக்குத் தெரியாததா?”

வெகு நாள் கழித்து அவள் சிரிப்பைக் கேட்டேன். அரைச் சுற்று வைத்தேன். வலப்பக்கம் தாங்கிக்கொண்டது. இடப்பக்கம் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அவர்கள் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், கேட்கவில்லை. போல்ட்டின் தலை ஸ்பானரோடு என் கைக்கு வந்துவிட்டது. உடம்பு உள்ளேயே தங்கிவிட்டது.

உடைந்த போல்ட்டை எடுப்பது பெரிய வித்தை இல்லை, ஐயா. நடுவில் துளை போட்டு எதிர்ப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும். ‘ஒடஞ்சு போச்சு, நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க’ என்று சொன்னால் முடிந்தது. சொல்லத்தான் வாசலுக்குப் போனேன். மருமகன் கையில் அந்தத் தாள் இருந்தது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். மகள்தான் என்னைப் பார்த்திருப்பாள். வாய் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

பிடியைப் பசை வைத்து ஒட்டினேன். அதன்மேல் போல்ட்டின் தலையையும் ஒட்டி, சுற்றிலும் கறுப்பு மை தடவினேன். கையால் இழுத்துப் பார்த்தேன், நின்றது. அடுத்த தடவை வரும்போது சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஏமாற்ற வேண்டும் என்றால் காசு வாங்கியிருப்பேன். வாங்கவில்லை.

புறப்படும்போது மகள் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு என் கன்னத்தில் கை வைத்தாள். “இனிமே அடிக்கடி வர்றோம்பா” என்றாள். அந்தக் கையை விலக்கிவிட்டு, இந்தக் காரில் போகாதே என்று எந்தத் தகப்பன் சொல்வான்? எனக்குத் திராணி இல்லை. கார் முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் மருமகன் போன் பண்ணினார். நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் ஓட்டுகிறாள் என்றார்.

“மாமா, இடது பக்கம் மேல டக்டக்குன்னு அடிக்குது. ஓரமா நிறுத்தி என்னன்னு பாத்துடட்டுமா?”

யோசித்தேன். நிறுத்தினால் அவர் விரல் வைத்துப் பார்ப்பார். போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும், பசை தெரியும், மகளிடம் காட்டுவார். நிறுத்தாமல் போனால் பசை தாங்கினாலும் தாங்கும். தாங்காமல் கூரை பிய்த்துக்கொண்டால், போல்ட்டைக் காற்று உடைத்தது என்று ஆகிவிடும். துணிதானே, வேறு போட்டுக்கொள்ளலாம். உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்தாயா என்று கேட்பீர்கள். அதை யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன். யோசித்துவிட்டு அதை விட்டுவிட்டேன்.

“நிறுத்தெல்லாம் வேணாம் மாப்ள. புதுத் துணி அப்படித்தான் அடிக்கும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க. காத்துக்கு அழுந்தி உக்காந்துக்கும்.”

“சரிங்க மாமா” என்றார். அவர் பக்கத்திலிருந்து மகளின் குரல் கேட்டது. “அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மீதி உங்களுக்கே தெரியும். இடப்பக்கம் பிய்ந்து மேலே கிளம்பியிருக்கிறது. வலப்பக்கம் விடவில்லை, அது நான் நன்றாக இறுக்கியது. சட்டம் முறுக்கிக்கொண்டு வந்து மருமகன் தலையில் அடித்திருக்கிறது. மகள் மிரண்டு வண்டியைத் திருப்பி ஓரத்தில் மோதிவிட்டாள். அவளுக்குக் கை எலும்பு முறிந்ததோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். “நீங்க கொஞ்சம்தான் கூட்டச் சொன்னீங்க. நான்தான்பா ரொம்ப மிதிச்சிட்டேன். நானே அவரைக் கொன்னுட்டேன்.” என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். “ஆமாம்மா, கொஞ்சம்தான் சொன்னேன். ஆனது ஆகிப்போச்சு. அப்பா உன்னைக் கோவிச்சுக்க மாட்டேன்” என்றேன். உங்கள் ஸ்டேஷன் ஆள் வந்து, கூரை போட்டவன் என்ற முறையில் என்னிடம் கேட்டபோதும், அளவுக்கு மீறிய வேகத்தால் பிய்ந்தது என்றுதான் சொன்னேன். அதை வைத்து அவள்மேல் வழக்குப் போட்டீர்கள். அவள் தனியாக அல்லாடக் கூடாது என்று என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். சோறு ஊட்டிவிடுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு அழும்போது வெளியே நின்றுகொண்டிருப்பேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

இப்போது போல்ட்டில் பசை இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை. உடைத்தவன் நான், ஒட்டியவன் நான், வேகமாகப் போகச் சொன்னவனும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எந்தத் தண்டனையானாலும் சரி.

வெளியே பெஞ்சில் கையில் கட்டோடு உட்கார்ந்திருப்பது என் மகள்தான். அவள் வழக்குக்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்துத் துணைக்கு வந்திருக்கிறாள். அவளிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம், ஐயா. இப்போதுதான் என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறாள். தன்னால்தான் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். என்ன இருந்தாலும் ஓட்டியது அவள்தானே.